கிட்டப்பாவுக்கு நான் போட்ட ஆயுள்

செங்கோட்டைக்காரரான நாடக மேடைப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2ஆம் தேதி காலமானார். வயது 27. இத்தனை காலம் கழித்தும் இதை ஒப்புக்கொள்ளாத ஆள் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதற்காக யாரிடமும் மல்லுக்கு நிற்பதில்லை. ஓய்வுபெறப் போகிற அதிகாரிக்குப் பணிநீட்டிப்பு ஆணை தயாரிப்பது போல, அவருக்கு மேலும் சில வருடங்கள் போட்டுக் கொடுத்துவிடுவேன், அவ்வளவுதான். வங்கியில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது போடுவேன். செங்கோட்டைக்குப் போகிற ரயில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் கிராஸிங்குக்காக நின்றால் அங்கேயும் போடுவேன். ஆரம்பத்தில் சிக்கனமாகப் பத்து வருடம் கொடுத்தேன். கை தாராளமாகி, 1956 நவம்பரில் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிடமிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த அன்று ஊர்க்கூட்டத்தில் அவரைப் பாட வைத்தேன். அப்புறம் வெட்கம் விட்டுப்போய், தொலைக்காட்சி வரைக்கும் இழுத்து வந்தேன். எழுபது வயதுக் கிட்டப்பா சால்வை போர்த்திக்கொண்டு பேட்டி கொடுக்கிறார். பேட்டி எடுப்பவன் நான்.

வெள்ளைக்காரர்கள் 27 என்ற எண்ணைப் பெரிய மர்மமாக்கி வைத்திருக்கிறார்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜோப்ளின், ஜிம் மாரிஸன், கர்ட் கோபேன் என்று வரிசையாகச் சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்பே எங்கள் ஊர்க்காரர் அந்த எண்ணில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஒரு நண்பனிடம் பெருமையாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தோன்றியது.

இந்த வேலைக்கு என் தகுதியையும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சங்கீதம் தெரியாது. கிட்டப்பா பாடியதில் மிஞ்சியிருப்பவை பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகள். பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஓடும். விடிய விடிய நடந்த நாடகத்தில் ஒரு பாட்டையே அவர் எத்தனை நேரம் நீட்டினாரோ, அதை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்துத் திணித்திருக்கிறார்கள். அந்தக் கரகரப்பை வைத்துக்கொண்டுதான் நான் நாற்பது வருடத்து வாழ்க்கையைக் கட்டி எழுப்புகிறேன். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட தியாகராஜரின் ‘எவரனி’யை ஒரு கல்யாண வீட்டில் போட்டுக் காட்டி, கண்ணை மூடித் தலையாட்டி, “ஸ்ரீரஞ்சனியை இப்படி யார் தொட முடியும்?” என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்தாவது படிக்கும் பெண், “மாமா, அது தேவாமிர்தவர்ஷிணி” என்றாள். இரண்டு ராகமும் நெருங்கிய சொந்தம், பெரியவர்களுக்கே சமயத்தில் தடுமாறும் என்று சமாளித்தேன். அவளுக்குத் தடுமாறவில்லையே என்பதைச் சபையில் யாரும் சொல்லாமல் விட்டது அவர்களுடைய பெருந்தன்மை.

என் கற்பனையில் முதல் நிறுத்தம் சினிமா. அது இயற்கைதானே. ‘காளிதாஸ்’ 1931 கடைசியில் வந்து தமிழ்த் திரை பேச ஆரம்பித்துவிட்டது. நாடக மேடையில் பாடிக்கொண்டிருந்தவர்களை ஸ்டூடியோக்கள் அள்ளிக்கொண்டு போன காலம் அது. இன்னும் ஒரு வருடம் இருந்திருந்தால் கிட்டப்பாவும் போயிருப்பார். ஆகவே 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் அர்ஜுனனாக அவரைப் போட்டேன். ஐம்பது பாட்டு உள்ள படம் என்பார்கள். அவரை விட்டால் யார்?

யார் என்று பெரியப்பா சொன்னார். பெரியப்பா தியாகராஜ பாகவதர் கட்சி.

“அப்ப பாகவதர என்னலே செஞ்ச?”

நான் அதை யோசித்திருக்கவில்லை. பாகவதரின் முதல் படம் ‘பவளக்கொடி’. அதை நான் பிடுங்கிக்கொண்டேன். பிறகு வந்த படங்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியதாயிற்று.

“சரி, ஹரிதாஸ்ல யாருலே நடிச்சா?”

“கிட்டப்பாதான் பெரியப்பா.”

“44ல அவருக்கு என்ன வயசு?”

“முப்பத்தெட்டு.”

“பாகவதருக்கு முப்பத்து நாலு. எந்திரிச்சுப் போலே.”

மூன்று தீபாவளி பார்த்த படத்தை ஒரு மனிதரிடமிருந்து பறிப்பது லேசான விஷயம் இல்லை என்று அன்று தெரிந்தது. அந்த வீட்டில் அதற்கப்புறம் எனக்கு வந்த காப்பியில் சர்க்கரை குறைந்துதான் இருந்தது. அவரைச் சமாதானப்படுத்த ஒரு வாதம் கண்டுபிடித்தேன்: கிட்டப்பா முதலிடத்தில் இருந்திருந்தால் பாகவதர் மீது அவ்வளவு வெளிச்சம் விழுந்திருக்காது, பத்திரிகைக்காரன் லட்சுமிகாந்தன் அவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டான், அவன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கைதும் இல்லை, 1947 வரை சிறையும் இல்லை, 49 வயதில் சாவும் இல்லை. ஆக, கிட்டப்பாவைப் பிழைக்க வைத்து நான் பாகவதரையும் காப்பாற்றியிருக்கிறேன். பெரியப்பா நெடுநேரம் என்னைப் பார்த்தார். “பாட்டும் இல்லாம, படமும் இல்லாம, திருச்சியில சும்மா உக்காந்திருக்கதுக்கு அவரு எதுக்குலே இருக்கணும்?” என்று கேட்டார். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது.

சினிமாவே வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்தேன். உண்மையில் அவர் குரல் கேமராவுக்கு முன்னால் என்ன ஆகியிருக்கும் என்பதே சந்தேகம். மைக் இல்லாத மேடையில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுக்கும் எட்டும்படி, உச்ச சுருதியில் பாடிப் பழகிய தொண்டை அது. அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியத்தில் ஒரு பிடி பிடித்தால் தம்பி அதற்கு மேலே போவார் என்பார்கள். மைக் வந்த பிறகு அந்த பலம் பாதி வேண்டாததாகிவிட்டது. 1938இல் பின்னணிப் பாட்டும் எட்டிப் பார்த்தது. பாடத் தெரிந்தவன்தான் கதாநாயகன் என்ற சட்டம் மெல்லத் தளர்ந்தது. 1952இல் ‘பராசக்தி’ வந்தபோது ஜனங்கள் கேட்கப் போனது வசனத்தை. அப்போது கிட்டப்பாவுக்கு 46. நான் எப்படிப் புரட்டிப் போட்டாலும் அந்த 46 வயது மனிதர் ஏதாவது புராணப் படத்தில் நாரதராக வந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகிறார். இதற்காகவா இவ்வளவு பாடுபட்டேன்!

சரி, கச்சேரி மேடைக்கு அனுப்பிப் பார்த்தேன். அங்கே வேறு வம்பு காத்திருந்தது. 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தைத் தொடங்குகிறார். தமிழில் பாட வேண்டும், தமிழையே முதலில் பாட வேண்டும் என்று ஒரு கட்சி. சங்கீதத்துக்கு மொழி ஏது என்று மறு கட்சி. நடுவில் என் கிட்டப்பா. தமிழ் நாடக மேடையில் தெலுங்குக் கீர்த்தனையைப் பாடிப் பாமர ஜனத்தை மயக்கியவர். தமிழ்ப் பாட்டிலும் அதே மயக்கத்தைக் காட்டியவர். எந்தப் பக்கம் நிற்பார்? நான் ஒரு திங்கட்கிழமை அவரைச் சங்கத்து மேடையிலும் செவ்வாய்க்கிழமை எதிர்த்தரப்பு மேடையிலும் உட்கார வைத்து இரண்டு இடத்திலும் மாலை வாங்கிக் கொடுத்தேன். நிஜத்தில் இரண்டு இடத்திலும் திட்டு வாங்கியிருப்பார். நான் கொடுக்கும் ஆயுளில் கிட்டப்பாவுக்கு யாரோடும் சண்டை கிடையாது, கடன் கிடையாது, ஒரு நாளும் தொண்டை கட்டாது. குடிப்பழக்கம் அவர் உடம்பைக் கெடுத்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். என் நோட்டில் அவர் மோர் மட்டும் குடித்தார்.

ஆமாம், நோட்டு. வெளியே சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், வந்துவிட்டது. 1934லிருந்து வருடவாரியாக எழுதி வைத்த ஒரு நாற்பது பக்க நோட்டு. அத்தைக்கு அதை வாசித்துக் காட்டினேன். அத்தை, கிட்டப்பாவின் மேடை ஜோடியான கே. பி. சுந்தராம்பாளின் பாட்டு என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருகிறவள். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எல்லாம் சரிதான்யா. அந்தம்மா எங்க?”

“பக்கத்துலதான் இருக்காங்க அத்தை.”

“பக்கத்துல நின்னு என்ன செய்யுதா?”

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். 1935, ‘நந்தனார்’ என்று எழுதி, நந்தனாராகக் கிட்டப்பாவைப் போட்டிருந்தேன். சுந்தராம்பாளுக்கு அந்தக் கதையில் பொருத்தமான வேஷம் கிடைக்காததால் வேதியரின் மனைவியாக்கியிருந்தேன். 1953க்கு நேரே ‘ஒளவையார்’ என்று எழுதி அடித்திருந்தேன். புருஷன் உயிரோடு கொடிகட்டிப் பறக்கும்போது அவர் எதற்குக் கிழவி வேஷம் போடப் போகிறார் என்பது என் நியாயம். ஓரத்தில் என் கையெழுத்திலேயே ‘வீட்டில்’ என்று இருந்தது.

அவர் வீட்டில் இருக்கிற ஆளா? கொடுமுடியில் பிறந்து, ரயிலில் பாடிய சிறுமி என்று கதை சொல்லப்படுகிற அந்தப் பெண், 1926இல் இலங்கை மேடையில் கிட்டப்பாவோடு ஜோடி சேரும்போதே தன் பெயருக்குக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தவர். ஸ்பெஷல் நாடகம் என்பது ஒத்திகை இல்லாதது. வேறு வேறு ஊரிலிருந்து நடிகர்கள் வந்து அன்றிரவே மேடையேறுவார்கள். ‘வள்ளி திருமண’த்தில் வள்ளியும் முருகனும் பாட்டிலேயே தர்க்கம் பண்ணுவார்கள். அவர் ஒன்று எடுத்துவிட்டால் இவர் அதைத் தாண்ட வேண்டும். ஜனம் காசு கொடுத்தது அந்தப் போட்டிக்கு. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. சுந்தராம்பாளோடு சேர்ந்ததும் பிரிந்ததும் அவர் சாவதற்கு முன்பே நடந்து முடிந்தன. அந்தப் பிரிவின்போது சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பின்னால் அச்சிலும் வந்தன. அவற்றை நான் படித்திருக்கிறேன். படித்துவிட்டும் ‘பக்கத்தில்’ என்று எழுதியிருக்கிறேன்.

கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைச் சேலை கட்டினார். இனி எந்த ஆண் நடிகரோடும் ஜோடி சேர்வதில்லை என்றார். அதனாலேயே ஆண் வேஷத்தில் நந்தனாராக வந்தார். அதற்கு அவர் வாங்கியது ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்தில். எழுத்தாளர் கல்கி அந்தப் படத்தைக் கடுமையாகக் கிண்டல் செய்து எழுதியது வேறு கதை. சட்ட மேலவைக்கும் போனார். ஜெமினியின் ‘ஒளவையார்’ வந்தபோது வயது 44. ‘பூம்புகார்’, ‘திருவிளையாடல்’ என்று அறுபதுகளிலும் பாடினார். 1980 வரை இருந்தார். கிட்டப்பாவுக்கு நான் போட்டுக் கொடுத்த வருடங்கள் எல்லாம் இந்த 47 வருடங்களில் இருந்துதான் எடுத்தவை. அத்தை இதையெல்லாம் சொல்லவில்லை. “மோர் இருக்கு, குடிக்கியா?” என்று மட்டும் கேட்டாள். குத்தலா, உபசாரமா என்று தெரியாமல் குடித்தேன்.

பழக்கத்தை விட்டுவிட்டேனா என்றால், இல்லை. போன வாரம்கூட ரயில் நின்றது. ஆனால் இப்போது கொஞ்சம் நியாயமாக நடந்துகொள்கிறேன் என்று நம்புகிறேன். திருத்தப்பட்ட கணக்கு இது: கிட்டப்பா 1934இல் ஒரே ஒரு படத்தில் நடிக்கிறார், ‘பவளக்கொடி’ அல்ல, வேறு ஏதோ. அது ஓடவில்லை. முதலாளியோடு தகராறு செய்துகொண்டு மேடைக்கே திரும்புகிறார். மோர் குடிப்பதில்லை. சுந்தராம்பாளோடு சமாதானம் ஆகவில்லை; ஆகியிருக்கும் என்று நம்ப அந்தக் கடிதங்கள் இடம் தரவில்லை. அடுத்த வருடம் அந்தம்மா நந்தனாராக நடித்து லட்சம் ரூபாய் வாங்குகிறார். கிட்டப்பா தரை டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார். எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம், சுருதி பரவாயில்லை என்கிறார்.