சிலுவை போட்ட பன்

கேள்வி: பெரிய நாள் என்று கிறிஸ்துமஸுக்கு ஊரே பார்க் ஸ்ட்ரீட்டில் திரள்கிறது. ஈஸ்டரைச் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகர், கொல்கத்தா

பதில்: நியூ மார்க்கெட் நஹூம்ஸுக்குப் போய்ப் பாருங்கள். 1902-இல் ஒரு பாக்தாதி யூதர் தொடங்கிய பேக்கரி. வேலை செய்பவர்களில் பலர் முஸ்லிம்கள், வாங்குபவர்களில் பலர் இந்துக்கள். புனித வெள்ளிக்கு அங்கே சிலுவை போட்ட பன் விற்கிறது. ஈஸ்டர் முட்டையும் உண்டு. பாதி வேலையை அடுப்பே முடித்துவிட்டது!

மீதி உங்களுடையது. "பன் மேல் ஏன் சிலுவை?" என்று யாராவது கேட்டால் பிரசங்கத்தை அவிழ்த்துவிடாதீர்கள். இயேசுவின் கல்லறை காலியாக இருந்ததைப் பெண்கள் வந்து சொன்னபோது சீடர்களே நம்பவில்லை. அந்த இடத்திலிருந்து கதையை ஆரம்பியுங்கள். கேட்பவருக்கும் சந்தேகப்பட ஒரு துணை கிடைக்கும். பன்னுக்குக் காசு நீங்களே கொடுத்துவிடுங்கள்.