அடிக்காதே என்று அடித்தல்

குழந்தைகளுக்கு அகிம்சை கற்பிக்கும் பணி தமிழ் வீடுகளில் நடை பழகும் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. குழந்தை தடுக்கி விழுந்து அழுதால் பாட்டி ஓடிவந்து தரையை ஓங்கி நாலு தட்டு தட்டுவார். “பாப்பாவை அடிச்சியா? இந்தா, வாங்கிக்கோ!” விசாரணை கிடையாது, தரைத் தரப்பு வாதம் கேட்கப்படுவதும் இல்லை. அழுகை நின்றுவிடுவதால் தீர்ப்பு சரியென்றே கொள்ளப்படுகிறது.

அடுத்த பாடம், டிவி ரிமோட்டுக்காக அக்காவும் தம்பியும் முடியைப் பிடித்துக்கொள்ளும்போது வருகிறது. “தம்பியை அடிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்ற கேள்வி, முதுகில் விழும் அறையோடு சேர்த்தே கேட்கப்படும். எளியவரை வலியவர் அடிக்கக் கூடாது என்பதை, வலியவர் ஒருவர் செய்முறை விளக்கத்தோடு புரியவைக்கும் முறை இது.

பள்ளியில் நிலைமை வேறு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வீட்டுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. சுவீடன் 1979-இல் பெற்றோர் அடிப்பதையும் தடை செய்து, அந்தச் செய்தியைப் பால் பெட்டிகளிலேயே அச்சிட்டது. இங்கே பால் பாக்கெட்டில் இடமில்லை போலும்.

இதற்கிடையே பிள்ளைகள் தாமாகவே ஒரு முறை வைத்திருக்கிறார்கள்: சண்டை என்றால் ‘காய்’, சமாதானம் என்றால் ‘பழம்’. வக்கீல் வேண்டாம், பஞ்சாயத்தும் வேண்டாம். காலை இடைவேளையில் விட்ட காய் மதியச் சாப்பாட்டுக்குள் பழுத்துவிடும். அதற்குள் இரு வீட்டு அம்மாக்களும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வாய்ச்சண்டை முற்றி வெளியேறியிருப்பார்கள்.