பின்னிருக்கைத் தலைத்தாங்கி: ஒரு பாடபேத ஆராய்ச்சி

நான்கு ஊர்கள் ஒரே புலவரைத் தத்தம் மண்ணின் மைந்தரென்று உரிமை கொண்டாடி நான்கு மலர்கள் வெளியிட்டு, அவற்றை மறுத்து வேறு நான்கு மலர்களும் வெளியாகிவிட்ட இந்நாட்டில், ஆராய்ச்சிக்கு உட்படாத பொருள் இனி ஒன்றேனும் எஞ்சியிருக்குமா என்று ஐயுறுவோர் உளர். எஞ்சியிருக்கிறது. பழைய மோட்டார் வண்டிகளின் பின்னிருக்கைக்கு மேல், வண்டி பிறந்தபோது இல்லாமல், பிற்காலத்தார் தம் பிடரியின் க்ஷேமம் கருதிச் செருகிய தலைத்தாங்கி, அதாவது பட்டறை வழக்கில் ஹெட்ரெஸ்ட், இதுகாறும் எந்தப் பண்டிதராலும் தீண்டப்படாமல் கிடப்பதை எண்ணுந்தோறும் நமக்கு உண்டாகும் விசனம் கொஞ்சமன்று. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுகின்றது. முடிவை முன்னரே நிச்சயித்துக்கொண்டு, பிறகு அதற்கு வேண்டிய சான்றுகளைத் தேடிப் புறப்படும் வித்வத் சம்பிரதாயத்திலிருந்து நாம் இம்மியும் பிறழவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம்.

ஆய்வின் எல்லையை அம்பாசடர் என்னும் ஒரே வண்டியோடு நிறுத்திக்கொண்டோம். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான நம்மூர் வண்டியேயாயினும், அதன் இரண்டு கதவு வடிவத்தில் பின்னிருக்கைக்குப் போய்ச் சேருவதே ஒரு யோகாசனமாதலின், சேர்ந்தபின் தலைக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி எழுவதில்லை. பிரீமியர் பத்மினி: இடமில்லை.

அம்பாசடரின் சரித்திரம் யாவரும் அறிந்ததே. எனினும் யாவரும் அறிந்ததை மறுபடி ஒருமுறை சொல்லாத கட்டுரையை எந்தக் கருத்தரங்கும் ஏற்பதில்லை. இங்கிலாந்தில் 1956-இல் வெளிவந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியே, வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடர் என்ற நாமகரணம் பெற்று, மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என அவதாரங்கள் பல எடுத்து, 2014 மே மாதத்தில் உற்பத்தி நிற்கும்வரை இந்நாட்டின் சாலைகளை ஆண்டது. இவற்றுள் 1990களின் முற்பகுதியில் வந்த 1800 ஐ.எஸ்.இஸட். என்னும் அவதாரம் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. இசுஸூ எஞ்சினும் ஐந்து கியரும் பெற்றதோடு, அதுவரை டேஷ்போர்டின் நடுவே வீற்றிருந்து வண்டியிலுள்ளார் அனைவருக்கும் வேகத்தைப் பாரபட்சமின்றிக் காட்டிவந்த மீட்டர்கள் இதில்தான் ஓட்டுநரின் முகத்துக்கு நேரே இடம்பெயர்ந்தன. அன்றோடு, பின்னிருக்கையில் அமர்ந்தபடியே “அறுபதைத் தாண்டாதே அப்பா” என்று ஆணையிடும் பெரியவர்களின் பரம்பரை உரிமை பறிபோயிற்று.

தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது வண்டியிருந்த நிலையே மூலபாடம். அதன் பின் புகுந்தனவெல்லாம் இடைச்செருகல். இந்த அளவுகோலின்படி, இன்று நம்மிடையே வழங்கும் பிரதிகளை உத்தர்பாராப் பாடம், மல்லிக் பஜார்ப் பாடம், புதுப்பேட்டைப் பாடம் என மூன்றாக வகுக்கலாம். முதலாவது எங்கும் கிடைப்பதில்லை. இரண்டாவது கல்கத்தாவின் பழைய உதிரிப்பாகச் சந்தையில் திருத்தம் பெற்றது. மூன்றாவது, சென்னை எழும்பூரை அடுத்த புதுப்பேட்டையின் சந்துகளில், எந்த வண்டியின் எந்த உறுப்பு எந்த வண்டிக்குள் புகும் என்பதை ஏட்டின் துணையின்றிக் கர்ண பரம்பரையாக அறிந்த வித்வான்களால் பரிஷ்கரிக்கப்பட்டது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்ற பழமொழி எழுத்தாளரைப் பற்றியதாகத்தான் இதுவரை கருதப்பட்டு வந்தது.

இனித் தலைத்தாங்கியின் வரலாறு. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வாழ்ந்த பெஞ்சமின் காட்ஸ் என்பவர் 1921-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1969 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் பயணிகள் கார்களின் முன்னிருக்கைகளுக்கு இது கட்டாயமாயிற்று. பின்னால் வரும் வண்டி மோதும்போது இருக்கை உடலை முன்னே தள்ள, தாங்குவாரற்ற தலை மட்டும் பின்தங்கிப்போய்க் கழுத்து சவுக்கைப்போல் வெட்டிக்கொள்ளும். அதைத் தடுப்பதே இதன் பிரயோஜனமன்றி, திண்டிவனம் தாண்டியதும் குறட்டை விடுவதற்கு வசதி செய்தலன்று. முன்னிருக்கைக்கு மட்டும் சட்டம் செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்நாட்டில் வண்டியின் உடைமையாளர் தாமே ஓட்டுவார். இந்நாட்டிலோ அவர் பின்னால் அமர்ந்திருப்பார், சட்டம் காக்கும் கழுத்து டிரைவருடையது. உலகில் வேறெந்தச் சட்டமும் இவ்வளவு பொதுவுடைமையாக வேலை செய்ததாகத் தெரியவில்லை.

தலைத்தாங்கிகள் நால்வகைப்படும்: பிறப்பில் வந்தவை, கட்டிவைத்தவை, பற்றவைத்தவை, துண்டு என்பன. பிறப்பில் வந்தவற்றில் ஆராய ஒன்றுமில்லை. எலாஸ்டிக் பட்டையில் கோத்து மாட்டும் சிறு தலையணைகளாகிய கட்டிவைத்தவை, முதல் வேகத்தடையிலேயே மடியில் வந்து விழுமாதலின், யாக்கை நிலையாமை கூறும் நூல்களோடு சேர்த்துப் படிக்கத்தக்கவை. பற்றவைத்தவற்றைப் பின்னர்க் காண்போம். துண்டைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேசியாக வேண்டும்.

தாசில்தார் தொடங்கி அமைச்சர் ஈறாக, அதிகாரம் சாய்ந்த முதுகுகளுக்கெல்லாம் பின்னே விரிந்திருந்த வெள்ளை டர்க்கித் துண்டை அறியாத தமிழர் இரார். இது மூலபாடமா, இடைச்செருகலா என்பதே இத்துறையின் தலையாய சர்ச்சை. தொழிற்சாலை எந்த வண்டியோடும் துண்டு கொடுத்தனுப்பவில்லை என்பதைக் காட்டி, இது பிற்சேர்க்கையே எனச் சாதிப்பர் ஒருசாரார். ஆனால் கிடைத்த பிரதிகள் அனைத்திலும் காணப்படும் பாடமே மூலபாடம் என்பது பதிப்பாசிரியர் யாவரும் ஒப்பிய நியமம். துண்டோ அரசாங்கப் பிரதிகள் அனைத்திலும் காணப்படுகிறது. ஆகவே துண்டே மூலம், அதைப் போட மறந்தது தொழிற்சாலையின் ஏட்டுப் பிழை. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை காண்போர், முதலில் தாம் படித்த பதிப்புரைகளை மறுபடி எடுத்துப் பார்க்கக் கடவர்.

‘பின்னாசன தீபிகை’ என்னும் நூல், துண்டு அந்தஸ்தின் லக்ஷணம் என்று முதற்படலத்திலேயே விதிக்கிறது. அதற்கு எழுந்த ‘டிக்கி விருத்தி’ என்ற உரை, துண்டின் நோக்கம் அந்தஸ்தன்று, வெயிலில் காய்ந்த ரெக்ஸினிடமிருந்து கழுத்தையும், எண்ணெய்த் தலையிடமிருந்து ரெக்ஸினையும் ஒருங்கே காப்பதே என்று மறுக்கிறது. அவ்வுரைக்கும் ஓர் உபவுரை உண்டு; மேலுரை பஞ்சராகும் இடங்களில் மட்டும் வெளியே எடுக்கப்படுமாதலின் அதனை ‘ஸ்டெப்னி’ என வழங்குவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இல்லங்களில், ஆடவர் தலைக்குத் தடவிய மக்காசர் எண்ணெய் நாற்காலி முதுகில் படியாதிருக்கத் துணி விரிக்கும் வழக்கம் இருந்தது உண்மை. இதனால் துண்டு அந்நியச் சரக்கு என்பது ஸ்டெப்னியின் துணிபு. எண்ணெய் தேய்த்துக்கொள்ளவே அவர்கள் நம்மிடம்தான் கற்றார்கள் என்று இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது. எதற்கும் இருக்கும் மறுப்பு அது.

விரித்த துண்டை நிலைநிறுத்தும் முறையில் சம்பிரதாயம் இரண்டாகப் பிளந்தது. நான்கு மூலையிலும் ஊக்குக் குத்துவோர் ஒரு கலையினர். துண்டின் பின்விளிம்பை இருக்கை முதுகுக்கும் அதன் பின்னேயுள்ள தட்டுக்கும் இடையிலான சந்தில் செருகுவோர் மறுகலையினர். ஒருவர் வண்டியில் மற்றவர் ஏறுவதில்லை. ஊக்குக் கலையார் காட்டும் பிரமாணமாவது: ‘துண்டு நிர்ணயம்’ என்னும் நூலின் கிடைக்காத இரண்டாம் பாகத்தில், கறையான் அரித்த ஏழாம் ஏட்டின் மறுபுறத்தில் இருந்ததாக, அவ்வேட்டை நேரில் கண்டவரோடு கும்பகோணத்துக்கு ஒரே காரில் பிரயாணம் செய்தும் வழி நெடுகிலும் உறங்கிப்போன ஓர் அறிஞர், விழித்தபின் தம் ஞாபகத்திலிருந்து உரைத்ததை, அவ்வண்டி டிரைவரின் மைத்துனர் டீசல் கணக்குக்கும் வாட்டர் சர்வீஸ் கணக்குக்கும் நடுவே குறித்துவைத்த ஒன்றரை வரி. முழு ஏடு இருக்கும் பெட்டியின் சாவி ஒரு பேராசிரியரிடம் உள்ளது. அவர் அதைத் தாமும் பதிப்பிக்கவில்லை, பிறரைப் பதிப்பிக்க விடவுமில்லை. நூலின் தொன்மைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

கால நிர்ணயத்துக்கும் துண்டே கருவி. மேலே தேங்காயெண்ணெய், அதன் கீழே நல்லெண்ணெய், அடியில் விளக்கெண்ணெய் எனக் கறைப் படலங்களை எண்ணி வண்டியின் வயதைக் கணிப்பது இத்துறையின் முறை. வண்டி நமக்கு வேண்டியவருடையதானால் ஒரு படலத்துக்கு நூறாண்டு எனவும், வேண்டாதவருடையதானால் ஒரு சலவைக்கு ஒரு படலம் எனவும் கொள்க. புலவர்களின் காலத்தைக் கணிப்பதிலும் இதுவே கைக்கொள்ளப்படுகிறது என்று எம்மிடம் சொன்னவர், தம் பெயரை வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். அவருக்கு இன்னும் ஓய்வூதிய ஆணை வரவில்லை.

நிற்க. பற்றவைத்தவற்றுக்கு வருவோம். அம்பாசடரின் பின்னிருக்கை முதுகு ஸ்பிரிங்கும் கயிற்று நாரும் ரெக்ஸினுமாக அமைந்த நீள் பெஞ்சு. ஹெட்ரெஸ்டின் இரு கம்பிகளை ஏற்கும் குழாய்களுக்கு அதில் இடம் வைக்கப்படவில்லை. முறையாகச் செய்வதானால், குஷன் கடைக்காரர் ரெக்ஸினைப் பிரித்து, டிங்கர் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தோடு குழாய்களைப் பற்றவைத்து, மீண்டும் தைத்து மூட வேண்டும். முறையின்றிச் செய்வதானால், ரெக்ஸினில் இரண்டு துளையிட்டுக் கம்பிகளை நாருக்குள் சொருகினால் போதும், புகைப்படத்துக்கு நன்றாயிருக்கும். கம்பிகளின் தடிமனும் இடைவெளியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறுபடும். இந்த மாறுபாட்டைத் தீர்க்கவே புதுப்பேட்டை ஆசிரியர்கள் “எல்லா வண்டிக்கும் சேரும் சார்” என்று சூத்திரித்தனர். ‘சேரும்’ என எதிர்காலத்தாற் கூறினமையின் இக்காலத்துச் சேராமை பெற்றாம் என்க.

உள்ளுறுப்பு மாற்றத்தில் தலைத்தாங்கி ஒரு சிறு அத்தியாயமே. 1984-இல் வந்த காண்டெசாவின் இருக்கைகளை மார்க் 2-க்குள் இறக்குவோரும், ஐ.எஸ்.இஸட். டேஷ்போர்டைப் பழைய வண்டிக்குள் பொருத்திக்கொண்டு பின்னிருக்கைக்காரரின் கண்ணிலிருந்து வேகத்தை ஒளிப்போரும் உளர். மூவர் அமர்ந்த முன்பெஞ்சை எடுத்துவிட்டு இரண்டு பக்கெட் சீட்டு போடுவோரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் இருக்கும் வண்டியில் இதைச் செய்தால், இரு இருக்கைகளுக்கும் நடுவே, எதற்கும் உதவாமல், முன்னொரு காலத்தில் அங்கே ஒரு மைத்துனர் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் நினைவூட்டும் ஒரு பள்ளம் மிஞ்சும். இது அழகன்று என்பது எம் தீர்ப்பு.

கண்ணாடி உடைக்கும் சித்தாந்தத்தையும் விட்டுவிடுவதற்கில்லை. ஹெட்ரெஸ்டைக் கழற்றும்படி அமைத்திருப்பதே ஆபத்துக் காலத்தில் அதன் கம்பியால் ஜன்னலை உடைப்பதற்காகத்தான் என்று சொல்வோர் பலர். அது ஏற்றி இறக்கவும் கழற்றவும் அமைந்தது, உயரம் பலவாகிய மனிதருக்காக. அதே தர்க்கப்படி செருப்பு கழற்றக்கூடியதாய் இருப்பது கரப்பான் அடிப்பதற்கே.

டிரைவர்களின் ஆக்ஷேபணை வேறு வகையானது, நியாயமானதும்கூட. பின்னிருக்கையில் இரண்டு தலைத்தாங்கிகள் எழுந்து நின்றால் சிறிய பின்கண்ணாடி வழியே தெரிந்த கொஞ்ச உலகமும் மறைந்துபோகும். 1984-இல் வந்த மெர்சிடீஸ் 124 வரிசையில் இதற்கோர் உபாயம் செய்திருந்தார்கள். முன்னாலிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால், வெற்றிடத்தின் இழுவையால் பின் தலைத்தாங்கிகள் தாமே மடங்கிப் படுத்துவிடும். நம் வண்டிகளில் “ஐயா, கொஞ்சம் குனிஞ்சுக்குங்க” என்பதே அவ்வேலையைச் செய்து வருகிறது.

மூலபாடவாதிகள் ஹெட்ரெஸ்டைக் கண்டால் முகஞ்சுளிப்பதும், கண்காட்சிகளில் அதற்காக மதிப்பெண் குறைப்பதும் உண்டு. சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லை. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஐம்பதாண்டு கடந்து, மூல வடிவம் மாறாத, பெரும் மாற்றம் செய்யப்படாத வண்டி விண்டேஜ் எனப் பதிவாகி ‘வி.ஏ.’ வரிசையில் எண் பெறும். பெரும் மாற்றம் என்பதற்கு அவ்விதி எடுத்துச் சொல்வன சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் கைவைப்பதை. தலைத்தாங்கியைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. மோரிஸ் ஆக்ஸ்போர்டையே பெயர் மாற்றி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டிய நாட்டில், இரண்டு கம்பியும் ஒரு பஞ்சுப் பொதியும் மூலத்தைக் கெடுத்துவிடும் என்று வாதிடுவோர், ஒருமுறை பின்னிருக்கையில் அமர்ந்து திருச்சி வரை போய்வரலாம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொருத்துவதானால், மேல்விளிம்பு காதின் உயரத்துக்குக் குறையாமலும், தலைக்கும் அதற்கும் இடைவெளி சொற்பமாகவும் இருக்கும்படி பொருத்துங்கள். பிடரியளவில் நின்றுவிடும் தாழ்ந்த ஹெட்ரெஸ்டில் மோதும் கழுத்து அதன்மேல் பின்புறமாக மடங்கக்கூடுமாதலின், அத்தகையதை நம்பியிருப்பதற்கில்லை. துண்டு இருந்துவிட்டுப் போகட்டும். குழாயைச் சட்டத்தோடு பற்றவைக்கும் டிங்கரின் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.