தலையை மட்டும் பாத்து ஆட்டு

என்னடா பேராண்டி, பல்கேரியாவுக்குப் போறியாமே? நெடுங்காட்டுக்குப் போயி அத்தையைப் பாத்துட்டு வாடான்னா பஸ் இல்லைங்கிறவன், பிளைட்டு மாறி சோபியாவுக்குப் போறே. நல்லா இரு.

நம்ம காரைக்கால் தெருவுல பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்காரன் வூட்டுப் பிள்ளையா இருந்தா விசாக் கவலையே இல்லை. 1962-ல பிரெஞ்சுக் குடியுரிமையே வேணும்னு எழுதிக் கொடுத்தவன் பேரனெல்லாம் கைய வீசிக்கிட்டுப் போவான். ஒன் கொள்ளுத்தாத்தா அன்னிக்கு வரப்பு வெட்டப் போயிட்டாரு, நீ பேங்க் கணக்கைத் தூக்கிக்கிட்டு வரிசையில நில்லு. 2025 ஜனவரியிலேருந்து பல்கேரியாவும் முழுசா ஷெங்கன் விசா வட்டத்துல சேந்துடிச்சு. 2026-லேருந்து காசும் யூரோதான். எவனாச்சும் லெவா நோட்டை மலிவாத் தர்றேன்னா வாங்கித் தொலைக்காதே. கெழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? பாரீசுலேருந்து லீவுக்கு வர்றவங்க எல்லாம் எந்தத் திண்ணையில உக்காந்து பேசுறாங்களாம்?

ஏழே நாள்ல நகரம், பண்பாடு, கிராமம் மூணையும் பாத்துடுவேன்னு சீட்டு எழுதி வச்சிருக்கே. நளதீர்த்தத்துல ஒரு முங்கு, சனீஸ்வரனுக்கு ஒரு கும்பிடு, ஓடிப்போய் வண்டியேறுன்னு திருநள்ளாறு வர்றவங்க மாதிரியா?

சோபியாவுல சர்ச்சு, பள்ளிவாசல், யூதர் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்துல இருக்காம். அங்க நின்னு வாயைப் பொளக்காதே, அம்மையார் கோயில், மஸ்தான் சாயபு தர்கா, மாதா கோயில்னு சுத்தி வளந்த பய நீ. பிளோவ்டிவுல ரோமாக்காரன் கட்டுன அரங்கத்துல இன்னிக்கும் கச்சேரி நடக்குது, அதைக் கேளு. மத்தபடி நகரத்துக்கு ரெண்டு நாள் போதும்.

மிச்ச நாளுக்குக் கசான்லாக் பக்கம் போயிடு. ரோசாப் பள்ளத்தாக்கு. மே கடைசியில, ஜூன் மொதல்ல, வெயில் ஏறுறதுக்குள்ள பூப்பறிப்பு. ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோ பூ வேணுமாம். நீ பூவுக்கு நடுவுல நின்னு போட்டோ புடிப்பே, தெரியும். புடிச்சு முடிச்சப்புறம் பறிக்கிற ஆளுகிட்ட கிலோவுக்கு என்ன கூலின்னு கேளு. அதைக் கேக்காதவன் என்ன கிராமத்தைப் பாத்தான்? ஜூன் முடிய அங்கேயே கெடக்காதே, மாங்கனித் திருவிழாவுக்கு வீட்டு மாடியிலேருந்து மாம்பழம் வீச ஒரு ஆளு வேணும்.

சாப்பாட்டுக்குப் பயப்படாதே. தயிர் ஒறைய வைக்கிற கிருமிக்கே அந்த நாட்டுப் பேருதான், 1905-ல அவங்க ஊரு மாணவன் கண்டுபிடிச்சது. தயிர்ல வெள்ளரிக்காயும் பூண்டும் போட்டுக் கரைச்சு, ‘தாராத்தோர்’னு ஜில்லுன்னு தருவாங்க. இங்க மோர்ச்சோறு போட்டா மூஞ்சியத் திருப்புறவன், அங்க காசு குடுத்துக் குடிச்சுட்டு ஆகா ஓகோன்னு எழுதப் போறே.

கடைசியா ஒண்ணு. அங்க தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுனா ‘ஆமா’, மேலயும் கீழயும் ஆட்டுனா ‘இல்லை’. நீ எதுக்கும் பூம்பூம்னு ஆட்டுற பய. எவளாச்சும் ஒருத்தி ‘கல்யாணம் பண்ணிக்கிறியா’ன்னு கேட்டா மட்டும் ஆட்டுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடு. ஒங்கம்மாவுக்குப் போடாதே.