ஞாயிற்றுக்கிழமை விரதம்

ஞாயிறு ‘பிரன்ச்’ என்ற காலை-மதியக் கூட்டுச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று சென்னையில் கேட்டால், நட்சத்திர ஓட்டல் பெயர்களாக வந்து விழும். சனி இரவு கூத்தடித்தவர்கள் தாமதமாக எழ வசதியாக, 1895-ல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் எழுதி வேண்டிக்கொண்ட சாப்பாடு அது. நம்மவர்களோ சனி இரவு பத்துக்கே படுத்து, ஞாயிறு காலை பட்டினி கிடந்து போகிறார்கள். கொடுக்கிற காசுக்கு வயிறு ஒத்துழைக்க வேண்டுமே! சீஸ், சுஷி, கேக் எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, கடைசியில் வரிசை கட்டுவது தோசைக்கல் முன்னால்தான். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸிலும் வரிசை உண்டு. என்ன, இவர்கள் பட்டினியை முடிப்பதற்குள் அங்கே இட்லி தீர்ந்துவிடும். திருவல்லிக்கேணி ரத்னா கபேயில் இட்லி மூழ்குமளவு சாம்பார் ஊற்றுவார்கள். வெல்கம் டிரிங்க் மட்டும் டம்ளர் தண்ணீர்.