கெட்டில்பெல்லின் தொடக்க எடையும் நாமக்கல் முட்டைப் பெட்டியும்: ஓர் ஒப்பாய்வு

ஆய்வு நோக்கம்

சேலம் ஐந்து ரோட்டில் தொடங்கி நாமக்கல் வரை முளைத்துள்ள ஜிம்களில் ஒரு கேள்வி தீராமல் கிடக்கிறது: முதன்முதலாகக் கெட்டில்பெல் தூக்குகிறவர் எத்தனை கிலோவில் தொடங்க வேண்டும்? பொதுவாகச் சொல்லப்படுவது ஆண்களுக்கு 16 கிலோ, பெண்களுக்கு 8 கிலோ. உடற்பயிற்சியே அறியாத ஆண்கள் 12இல் தொடங்கலாம் என்பாரும் உண்டு. நடைமுறையிலோ, பக்கத்தில் நிற்பவர் எதைத் தூக்குகிறாரோ அதைவிட நான்கு கிலோ கூடுதலாக எடுப்பதே மரபு. இம்மரபின் தகுதியை ஆராய்வதே நோக்கம். ஆய்வாளரின் இடது கால் கட்டைவிரலுக்கும் இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. காரணம் பின்னர் வரும்.

சொல்லாய்வு

கெட்டில் என்கிறார்கள், வெந்நீர் காயாது. பெல் என்கிறார்கள், அடித்தால் கேட்காது. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, அவ்வளவே. என் அம்மாயி இதை முதலில் பார்த்தபோது, “ஏங்கண்ணு, தூக்குப்போசி நல்லாத்தான் இருக்குது, மூடியைக் காணமே!” என்றார். உருவ ஒற்றுமை பற்றி இதைவிடச் சிறந்த கருத்து இதுவரை ஆய்வாளருக்குக் கிட்டவில்லை.

பிறந்த இடமான ரஷ்யாவில் இதன் பெயர் கீர்யா. தானியச் சந்தையில் தராசுத் தட்டில் உட்கார்ந்திருந்த எடைக்கல் இது. அங்கே அன்று எடைக்கு அலகு பூடு. ஒரு பூடு 16.38 கிலோ. போட்டிகளில் இன்றும் 16, 24, 32 என்று எடை ஏறுவது ஒரு பூடு, ஒன்றரைப் பூடு, இரண்டு பூடு என்ற பழங்கணக்கின் மிச்சம். ஆகவே 16 என்பது எந்த மருத்துவரும் நாடி பிடித்துச் சொன்ன எண் அல்ல. யாரோ ஒரு ரஷ்ய வியாபாரி தானியம் நிறுத்த எண்.

கருதுகோள்

அவர்கள் சந்தை அவர்கள் எடைக்கல்லில் தொடங்கியதென்றால், நம் சந்தை நம் எடையில் தொடங்குவதே நியாயம்.

சான்றுகள்

ஒன்று: 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் எடையைக் கொண்டுவருமுன் இங்கே புழங்கியது வீசையும் மணங்கும். நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. கிலோவில் சுமார் 11.2.

இரண்டு: நாமக்கல் முட்டை. ஓர் அட்டைக்கு 30, பெட்டிக்கு ஏழு அட்டை, ஆக 210 முட்டை. முட்டைக்கு 55 கிராம் என்று வைத்தால் 11.55 கிலோ, அட்டையும் பெட்டியும் சேர்ந்தால் 12ஐத் தொட்டுவிடும். மணங்கும் முட்டைப் பெட்டியும் 12 கிலோ கெட்டில்பெல்லும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல் என்று சொல்ல ஆய்வாளருக்கு மனம் வரவில்லை.

மூன்று: தண்ணீர்க் குடம். 15 லிட்டர் கொள்ளும் குடம் நிறைந்தால் 15 கிலோ. அதை இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று தினமும் சுமந்த பெண்ணிடம் ஜிம்மில் இளஞ்சிவப்பு நிற 4 கிலோவை நீட்டி, “மெதுவாங்க, பாத்துங்க” என்கிறார்கள். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிக்கொள்கிறார்.

எதிர்வாதம்

தென்மாவட்டத்து அன்பர்கள் இளவட்டக்கல்லைக் காட்டி மறுக்கலாம்: கல்லைத் தூக்கினால் பெண், இல்லாவிட்டால் இல்லை, இதில் தொடக்க எடை எங்கே? விடை: திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் போட்டியில் பல எடைகளில் கற்கள் கிடக்கின்றன. மாப்பிள்ளையும் சின்னக் கல்லில்தான் பழகியிருப்பான். அதைப் பெண் வீட்டாரிடம் யாரும் சொல்வதில்லை.

கள ஆய்வு

ஆய்வாளர் ஒரு ஜிம்மில், இரண்டு கல்லூரி மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரே காரணத்தால், 24 கிலோவை எடுத்தார். தூக்கியும்விட்டார். இறக்கும்போது கட்டைவிரல் குறுக்கே வந்தது.

பிழை எங்கே? கெட்டில்பெல்லின் பாரம் கைப்பிடிக்குள் அடங்காமல் வெளியே தொங்குகிறது; வீசும் வேகம் இடுப்பிலிருந்து வர வேண்டும். எடை மிகக் குறைந்தால் தோளே தூக்கிவிடும், இடுப்பு பழகாது. மிகக் கூடினால் முதுகு வளையும். லாரியில் முட்டைப் பெட்டி ஏற்றும் தொழிலாளியைப் பாருங்கள்: இடுப்பை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பெட்டியை உடம்போடு அணைத்து, சத்தமில்லாமல் வைக்கிறார். தவறினால் 210 சாட்சிகள் உடைந்து பேசும். இரும்புக்கு அந்த வாய் இல்லாததால்தான் நாம் கண்டபடி எடை கூட்டுகிறோம்.

முடிவுரை

பழக்கமில்லாத ஆண் ஒரு முட்டைப் பெட்டியில், அதாவது 12 கிலோவில், தொடங்குக. அதை ஒற்றைக் கையால் தலைக்கு மேல் ஐந்து முறை ஆட்டமின்றி ஏற்றி இறக்க முடிந்தபின் ஒரு பூடுக்குப் போகலாம். பெண்களுக்கு 8, குடம் சுமந்தவர்கள் நேரே 12ஐ எடுக்கலாம். 4 கிலோவை ஜிம்காரர் கதவுக்கு அண்டக்கொடுத்துக்கொள்ளட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடையிலேயே ஐந்தாறு முறை தூக்கி, கடைசி முறை தரையில் வைத்துப் பாருங்கள். ‘டொம்’ என்று கேட்டால், கூச்சப்படாமல் அடுத்த சின்னதை எடுங்கள்.