சுகப்பிரசவம் என்றொரு கெட்ட வார்த்தை

சுகப்பிரசவம் என்ற சொல்லை உண்டாக்கியவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் லேபர் வார்டுக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த ஆண். விடிய விடிய இடுப்பு கழன்று, கிழிந்து, தையலோடு வெளியே வருகிறவளைப் பார்த்து "சுகம்" என்று சொல்ல வேறு யாருக்கு நா எழும்?

எங்கள் அனுமந்தன்பட்டியில் ஒருத்திக்குத் தலைப்பிரசவம் என்றால் தெருவே கர்ப்பமாகிவிடும். ஸ்கேன் சென்டர்காரர் ஜெயிலுக்குப் பயந்து சொல்லாததை, "வயிறு கூம்பியிருக்கு, பையன்தான்" என்று குழாயடியில் கிழவிகள் சொல்லிவிடுவார்கள். சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் ஆகாது என்று ஆடியிலேயே புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்து வைப்பவர்கள் நாங்கள். அதையும் மீறி எசகுபிசகாக நாள் விழுந்தால் இருக்கவே இருக்கிறார் ஜோசியர். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம்; அதற்குள் எடுத்துவிட வேண்டும். பிள்ளை வரத் தயாரா என்பது பிள்ளையின் சொந்தப் பிரச்சினை. எங்கள் ஊர்ப் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குக் கவாத்து பண்ணிவிட்டு நாலு மாதம் காத்திருப்பார்கள். பழுக்காத குலையில் கத்தரி வைக்கிறவனைக் கிறுக்கன் என்பார்கள். மருமகள் வயிற்றுக்கு மட்டும் பத்து இருபத்தைந்து.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. இதைக் கேலி பண்ண மாட்டேன். வீட்டுக்குள் உதிரம் போய்ச் செத்த பாட்டிமார் கதை எல்லாத் தெருவிலும் உண்டு. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு வரி மேடை ஏறுவதில்லை: நூற்றுக்கு 44.9 பிள்ளைகள் வயிற்றைக் கீறி எடுத்தவை. தனியாரில் 63.8. 2015-16 ஆய்வில் மொத்தமே 34.1தான். மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்தைத் தாண்டுவதால் தாய் சேய் சாவு குறைவதாகத் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நான்கைந்து வருடத்தில் தமிழச்சிகளின் இடுப்பெலும்பு இவ்வளவு குறுகிப்போன மர்மத்தை ரேஷன் அரிசியில்தான் தேட வேண்டும். ஆஸ்பத்திரி பில்லில் தேடினால் பாவம்.

தேவைக்குக் கீறிக் காப்பாற்றுகிற கத்திக்கு என் கும்பிடு. மற்றதற்குத் தயாராக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "பேஷண்டே கேக்குறாங்க."

உண்மைதான். நானும் கேட்டேன். அதற்கு முந்தைய எட்டு மணி நேரத்தைத்தான் எந்தக் கேஸ் ஷீட்டிலும் எழுதவில்லை. யார் யாரோ வந்தார்கள், பேர்கூடச் சொல்லாமல் கை விட்டுப் பார்த்தார்கள், போனார்கள். "ஆத்தா" என்று கத்தினேன். "அன்னைக்கு மட்டும் இனிச்சுச்சா?" என்றது ஒரு குரல். சிரித்தார்கள். எம்.ஏ. படித்தவள், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறவள். அந்தக் கட்டிலில் நான் வெறும் "ஏய், இந்தா". "முக்குடி! புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்ல." ஒருத்தி ஸ்டூலில் ஏறி மேல்வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கினாள். அப்போதுதான், வயித்தக் கிழிச்சாவது எடுத்துருங்கம்மா என்று கும்பிட்டேன். தலை இறங்கிவிட்டதாம். கேட்காமலே ஒரு வெட்டு, அப்புறம் தையல். ஏட்டில் எழுதினார்கள்: சுகப்பிரசவம்.

அப்படி அமுக்கக் கூடாது, வழக்கமென்று எல்லாருக்கும் வெட்டக் கூடாது, அவள் விரும்புகிற ஓர் ஆளைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்று 2018இல் அதே உலகச் சுகாதார நிறுவனம் எழுதி வைத்தது. துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் திட்டம் தமிழக அரசு ஆஸ்பத்திரிகளுக்கு 2004லேயே வந்துவிட்டது. என் தங்கச்சி கதவுக்கு வெளியேதான் நின்றாள். "கூட்டம் போடாதீங்க." அவள் ஒருத்திதான் கூட்டம். என் சத்தத்தையும் அவர்கள் சிரிப்பையும் முழுசாகக் கேட்டாள். தன் முறை வந்தபோது வலி எடுக்கும் முன்பே கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பேஷண்ட் விருப்பம்! 44.9இல் அவளும் ஒரு புள்ளி.

வெனிசுலா 2007லேயே லேபர் வார்டில் நடக்கும் இந்தக் கொடுமைக்கு மகப்பேற்று வன்முறை என்று பேர் வைத்துச் சட்டத்தில் எழுதிவிட்டது. நம் ஊரில் இதற்குப் பேர் "நம்ம நல்லதுக்குத்தான் ரெண்டு வார்த்தை பேசுறாங்க". ராத்திரி முழுக்க ஒரே நர்சம்மாவை ஆறு கட்டிலுக்கு நடுவே ஓடவிட்டால் அவர் வாயில் வேறென்ன வரும் என்பார்கள். சரி, ஓடவிட்டவர்கள் எந்தக் கட்டிலில் கால் விரித்துக் கிடந்தார்கள்?

இன்ன பிள்ளை என்று பிறக்கும் முன் சொன்னால் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிறந்த பின் சொன்னால் கூலி உண்டு. ஆண் என்றால் பெரிய நோட்டு, பெண் என்றால் சின்ன நோட்டு. துணியில் சுற்றிய பிள்ளையின் முதல் விலைப்பட்டியலை அப்பன்காரன் பல் தெரியச் சிரித்துக்கொண்டே கட்டுகிறான். உள்ளே என்ன நடந்தது என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கையில் சில்லறை மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் காரில் ஊர் திரும்பினோம். தையல் இழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. ஊர் எல்லையில் மெயின் ரோட்டோரம் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். "எங்கள் குலக்கொழுந்தே வருக!" தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், கூலிங்கிளாஸ் போட்ட அவர்களுடைய சிநேகிதர்கள் என்று பதினான்கு முகம். நான் எங்கே என்று தேடினேன். பிள்ளையின் படமும் கூகுளில் எடுத்த ஏதோ வெள்ளைக்காரக் குழந்தையுடையது.